பெரியப்பாவின் வெட்டுப்புள்ளி

பெரியப்பா அந்தத் தாளை மூன்று முறை வாசித்தார். முதல் முறை கண்ணாடி இல்லாமல், கையை நீட்டித் தூரப் பிடித்து. இரண்டாம் முறை கண்ணாடியோடு. மூன்றாம் முறை சமையலறை மேசையில் விரித்துப் போட்டு, ஒவ்வொரு எண்ணின் கீழும் விரலை வைத்து. ஜூலை மாதத்து மத்தியானம் அது. காலை வேலை முடிந்து வந்தவர் இன்னும் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துச் சோப்பு மணம் அவரோடு கூடவே வந்திருந்தது. நான் எதிரே உட்கார்ந்து, பாராட்டு எப்போது வரும் என்று காத்திருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. கெட்டிக்காரி என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்த காலம். கடைசியில் அவர் தலையை நிமிர்த்தி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"நூற்றிப் பதின்மூண்டு எண்டு கிடக்குது. எத்தனைக்குப் பிள்ளை?"

எத்தனைக்கும் இல்லை என்பதுதான் உண்மையான பதில். ஜேர்மனியில் மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குப் பள்ளி இறுதிப் பரீட்சையான அபிட்டூரைத் தவிர இன்னொரு தகுதிப் பரீட்சையும் இருக்கிறது. கட்டாயம் இல்லை, ஆனால் பல பல்கலைக்கழகங்கள் அதைப் பார்க்கின்றன. அதன் பெறுபேற்றுத் தாளில் மூன்று எண்கள் இருக்கும். சரியான விடைகளுக்குக் கிடைத்த புள்ளி முதலாவது. அந்த முறை எழுதிய எல்லோருடைய சராசரியையும் நூறு என்று வைத்து, அந்தப் புள்ளியை மாற்றிப் போட்டால் வருவது இரண்டாவது. எழுதியவர்களில் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் எனக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது மூன்றாவது. பல்கலைக்கழகங்களுக்குத் தேவை முதலாவது எண் அல்ல, மாற்றிப் போட்ட எண்தான். ஒரு முறை வினாத்தாள் கடினமாகவும் அடுத்த முறை இலகுவாகவும் வந்தால் யாருக்கும் அநியாயம் நடக்கக் கூடாது என்பதற்காகச் செய்யும் கணக்கு அது. எனக்குப் பின்னால் தொண்ணூறு பேர் நின்றார்கள். அன்று வீட்டில் கேசரி கிண்டுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். அப்பாவுக்கு முன்னமே ஜேர்மனிக்கு வந்து, அப்பாவைக் கூப்பிட்டு எடுத்தவர். மூன்று தங்கைமாரையும் கட்டிக்கொடுத்து முடிந்தபோது தன்னுடைய கல்யாணத்துக்கு நேரம் போய்விட்டது என்று சொல்லி அந்தக் கதையை அத்தோடு நிறுத்திக்கொண்டார். கார்ல்ஸ்ரூஹேயில் எங்கள் வீட்டின் சின்ன அறை அவருடையது. நான் பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர் வாசிப்பார். வாசிக்கிறவர் பெரியப்பா. அவருடைய ஜேர்மன் மொழி முழுக்க முழுக்க விண்ணப்பப் படிவங்களிலிருந்து கற்றது. பாண் வாங்கப் போனாலும் மேன்முறையீடு செய்வதைப்போலத்தான் கேட்பார். கடைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது நினைத்தால் அந்த வெட்கத்துக்காகத்தான் வெட்கப்படுகிறேன்.

அவர் எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் ஏ.எல். என்ற பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை எழுதியவர். தரப்படுத்தல் என்ற சொல்லை நான் தமிழ்ப் பள்ளியில் படிக்கவில்லை, எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் படித்தேன். பிள்ளைகள் எடுத்த புள்ளியை அப்படியே பார்க்காமல், எந்த மொழியில் எழுதினார்கள் என்று பார்த்து மாற்றிப் போட்ட காலம் அது. தமிழில் எழுதியவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் போகத் தேவையான புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, மற்றவர்களுடையதைவிட உயர்ந்து நின்றது. பெரியப்பாவுக்கு நாலு புள்ளியால் என்ஜினியரிங் தவறிப்போனது. இதைச் சொல்லும்போது அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு ரயிலை நாலு நிமிடத்தால் தவறவிட்டதைச் சொல்வதைப்போலச் சொல்வார். ஆனால் சொல்லாமலும் இருக்க மாட்டார். யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பரீட்சை எழுதினாலும், சித்தியடைந்ததா இல்லையா என்று கேட்க மாட்டார். வெட்டுப்புள்ளி எவ்வளவு, பிள்ளை எடுத்தது எவ்வளவு என்று இரண்டையும் கேட்பார். கேட்டு, மனதுக்குள் கழித்துப் பார்ப்பார். அந்தக் கழித்தல் அவருடைய முகத்தில் தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முக்கியமான கடிதம் எதுவானாலும் அது பெரியப்பாவின் கையால்தான் தபாலில் சேர வேண்டும். அப்பாவின் அகதி விண்ணப்பம் ஒரு முறை நிராகரிக்கப்பட்டதாம். அதற்கான மேன்முறையீட்டைப் பெரியப்பா கொண்டுபோய்ப் போட, அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். அன்றிலிருந்து அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அம்மாவின் விசா, எங்கள் எல்லோருடைய குடியுரிமை, ஏன், அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்கள்கூட அவர் கையால்தான் போயின. வேலையில்லாத நாளில் குளித்து, விபூதி பூசி, கடிதவுறையோடு நடந்து நகரத்துத் தபாற்கந்தோருக்கே போவார். தெருவோரத்து மஞ்சள் பெட்டியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஒட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு தாளையும் எடுத்துப் பார்த்து அடுக்குவார். ஒட்டுகிற வேலையும் அவருடையதுதான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் பேசிய நானும் இதில் மட்டும் வாயைத் திறந்ததில்லை. கைராசியில் கைவைக்க எனக்கும் பயம்தான்.

தகுதிப் பரீட்சை அந்த மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒரு கண்காட்சி மண்டபத்தில், காலையிலிருந்து பின்னேரம் வரை நடந்தது. அந்த நாட்களில் அதை வாழ்நாளில் ஒரு தரம்தான் எழுதலாம். அதனால் வீட்டில் எல்லோரும் மெதுவாக நடந்தார்கள், கதவைக்கூட மெதுவாகச் சாத்தினார்கள். பெரியப்பா லீவு போட்டுவிட்டு என்னோடு ட்ராமில் வந்தார். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நாள் முழுக்க வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். மத்தியான இடைவேளையில் நான் வெளியே வந்தபோது மடியில் இடியப்பப் பெட்டியோடு இருந்தார். மற்றப் பிள்ளைகள் வாழைப்பழமும் சொக்கிளேற்றும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் நான் சம்பலோடு இடியப்பம் சாப்பிட்டேன். என்ன கேட்டார்கள் என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் வளைந்து கிடக்கும் குழாயைக் காட்டி, அடுத்த படம் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று கேட்கிறார்கள் என்றேன். அவர் நன்றாக யோசித்துவிட்டு, இதற்கும் வருத்தக்காரருக்கு வைத்தியம் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அது அவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பல்கலைக்கழகங்கள் அந்தப் பரீட்சையை எப்படிப் பார்க்கின்றன என்பது எனக்கு அப்போதே தலைகீழ்ப் பாடம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம். ஒரு இடத்தில் பள்ளிப் புள்ளிதான் எல்லாம். பரீட்சை நன்றாக இருந்தால் அதைக் கொஞ்சம் தூக்கிவிடுவார்கள், மோசமாக இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். இன்னொரு இடத்தில் பள்ளிப் புள்ளி பாதிக்குச் சற்று மேலே, பரீட்சை பாதிக்குச் சற்றுக் கீழே என்று இரண்டையும் கூட்டி வரிசைப்படுத்துவார்கள். வேறு சில இடங்களில் நேரிலும் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்கள். ஜேர்மன் பள்ளியில் ஒன்றுதான் உயர்ந்த புள்ளி. என்னுடையது ஒன்று தசம் ஆறு. நல்ல புள்ளி, ஆனால் மருத்துவத்துக்கு அது மட்டும் போதாது. அதனால் இரண்டையும் கூட்டிப் பார்க்கும் பல்கலைக்கழகத்தைத்தான் முதலாவதாகத் தெரிவுசெய்தேன். என் நூற்றிப் பதின்மூன்றுக்குப் பெறுமதி அங்கேதான். தாள் போகாவிட்டால் அந்தப் பாதிக்குப் பூச்சியம்.

இதையெல்லாம் அந்த ஜூலை மத்தியானம் பெரியப்பாவுக்கு விளக்க முயன்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சராசரி, விலகல் எல்லாம் அவருக்குத் தெரியாதவை அல்ல; ஏ.எல். கணிதம் படித்தவர். அவருடைய விரல் தாளில் முதலாவது எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் இடையே போய்ப் போய் வந்தது. எடுத்த புள்ளி ஒன்று, போடுகிற புள்ளி வேறு. நடுவில் மாற்றுகிறவன் யார், என்ன பார்த்து மாற்றுகிறான் என்று கேட்டார். எல்லோருக்கும் ஒரே விதமாகத்தான் மாற்றுகிறார்கள் என்றேன். அப்படித்தான் அங்கேயும் முதலில் சொன்னார்கள் என்றார். விண்ணப்பத்தில் பிறந்த இடம், பெற்றோரின் நாடு எல்லாம் கேட்டிருக்கிறார்களே என்றார். அது வேறு, இது வேறு என்றேன். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பெரியப்பா, உங்களுக்கு இது விளங்காது. இது சிலோன் இல்லை."

அவர் தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டு, சட்டை மாற்றப் போனார். நான் சொன்னது அவ்வளவுதான், சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவரைப்போல ஒரு மனிதருக்கு விளங்காது என்று சொன்னது, அதுவும் கணக்கு விளங்காது என்று சொன்னது, எப்படி இருந்திருக்கும் என்று நினைக்க எனக்குச் சில வருஷங்கள் எடுத்தது.

விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, சான்றுகளின் பிரதிகளை நகரசபையில் உறுதிப்படுத்தி முத்திரை குத்தித் தபாலில் அனுப்ப வேண்டியிருந்த காலம். பிரதிகள் எடுக்க நானும் பெரியப்பாவும் சேர்ந்தே போனோம். எல்லாவற்றையும் பெரிய கடிதவுறையில் போட்டு, வழக்கம்போல ஒட்டாமல் அவரிடம் கொடுத்தேன். வியாழக்கிழமை, வேலையில்லாத நாள், அவர் குளித்து விபூதி பூசி, நகரத்துத் தபாற்கந்தோருக்கு நடந்து போனார். திரும்பி வந்து, பதிவுத் தபால் சிட்டையை அம்மாவிடம் காட்டினார். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிச் சாமித் தட்டில் வைத்தார்.

ஆகஸ்டு கடைசியில் நிராகரிப்பு வந்தது. இரண்டு பக்கக் கடிதம். இரண்டாம் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணையில், பள்ளிப் புள்ளிக்கு எதிரே ஒன்று தசம் ஆறு என்றும், தகுதிப் பரீட்சைக்கு எதிரே சமர்ப்பிக்கப்படவில்லை என்றும் இருந்தது. என் கண்ணையே நம்ப முடியவில்லை. உடனே தொலைபேசி எடுத்தேன். அந்தப் பக்கத்துப் பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்துவிட்டு, என்னுடைய கோப்பில் அப்படி ஒரு தாளே இல்லை, இனி அனுப்பினாலும் காலம் கடந்துவிட்டது என்று சொன்னாள். நான் அவளை விடவில்லை. தொலைத்தது நீங்கள்தான், என்னிடம் பதிவுச் சிட்டை இருக்கிறது, வழக்குப் போடுவேன் என்று ஜேர்மனில் எனக்குத் தெரிந்த கடுமையான சொற்களையெல்லாம் சொன்னேன். இரண்டு நாட்களாக முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன், கிழித்தேன், திரும்ப எழுதினேன். அப்பா வழக்கறிஞர் ஒருவரின் இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பெரியப்பா அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகுதான் அம்மா சொன்னார்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் ஒரு பழைய பச்சைக் கோப்பு. அதைத் திறந்து என்னுடைய தாளை எடுத்து நீட்டினார். நகரசபை முத்திரை குத்திய அதே பிரதி. அதற்கு அடியில், பழுப்பேறிய இன்னொரு தாளின் விளிம்பு தெரிந்தது. அவருடைய ஏ.எல். பெறுபேறு. இரண்டையும் அவர் ஒன்றாக வைத்திருந்தார்.

"அந்தப் பல்கலைக்கழகத்து ஆக்களிலை பிழை இல்லைப் பிள்ளை. அவையோடை சண்டை பிடிக்காதை. நான்தான் எடுத்தனான்."

மாற்றிப் போட்ட புள்ளி என்றால் அது எங்களுக்கு நன்மையாக ஒருநாளும் இருக்காது என்று நினைத்தாராம். நீ பள்ளியில் எடுத்த புள்ளி உன்னுடையது, அதை யாரும் தொட முடியாது, அது மட்டும் போகட்டும் என்று நினைத்தாராம். தபாற்கந்தோர் வாசலில் அரை மணித்தியாலம் நின்று யோசித்துத்தான் எடுத்தாராம். என்னிடம் கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அப்போது என் வாயிலிருந்து வந்ததை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

"உங்கடை நாலு புள்ளியை என்ரை தலையிலை கட்டிப்போட்டீங்கள்."

அவர் தலையை ஆட்டினார். ஓம் என்று ஒத்துக்கொள்வதைப்போலத்தான் இருந்தது. தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதங்கள் நான் அவரோடு பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பதற்கு நல்ல திறமை வேண்டும். எனக்கு அது இருந்தது. அவர் வழக்கம்போல எனக்குத் தேநீர் போட்டு வைப்பார், நான் குடிப்பேன், கோப்பையைக் கழுவி வைப்பேன், வாய் மட்டும் திறவாது. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் சமாதானம் பேசிப் பார்த்தார்கள். ஒரு வருஷம்தானே, பெறுபேறு அடுத்த முறைக்கும் செல்லும்தானே என்றார்கள். உண்மைதான். ஆனால் என் கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டி வேறு வேறு ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த ஒக்டோபரில், ஒரு வருஷம் சின்ன விஷயம் என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சும்மா இருக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் ஒரு வருஷத் தொண்டுப் பணிக்குச் சேர்ந்தேன். ஊரில் வேறு ஆஸ்பத்திரிகளும் இருந்தன. எனக்கு இடம் தந்தது பெரியப்பா வேலைசெய்த ஆஸ்பத்திரி. வார்ட்டில் என்னைப் போன்ற புதியவர்களுக்கு முதல் வேலையே அழுக்குத் துணிச் சாக்குகளைக் கீழே தள்ளிக்கொண்டு போவதுதான். சலவைக்கூடத்தில் வெள்ளைத் தொப்பியோடு, துணிகளைப் பிரித்துப் போடும் மேசையில் பெரியப்பா நின்றார். முதல் வாரம் நான் சாக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிட்டேன். இரண்டாம் வாரம் அவர் கூப்பிட்டார். வீட்டில் பேசும் குரல் அல்ல, வேலைக் குரல்.

"உங்கடை வார்ட்டிலையிருந்து வாற உடுப்புப் பொக்கற்றிலை ஊசி கிடக்குது. மேலை போய்ச் சொல்லு."

ஓம், சொல்கிறேன் என்றேன். அதுதான் இரண்டு மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு. அவருடைய பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. மேலே போய்ப் பொறுப்பான தாதியிடம், ஊசி ஒருவரின் கையில் குத்திவிட்டது என்று சொன்னபோது என் குரல் தேவைக்கு மேலே உயர்ந்துவிட்டது. அந்தக் கை யாருடையது என்று அவள் கேட்டாள். என் பெரியப்பாவுடையது என்றேன். பிறகு வீட்டிலும் பேசத் தொடங்கினோம். வார்ட், சாக்கு, ஊசி என்று வேலைப் பேச்சிலிருந்துதான் தொடங்கினோம். அந்தத் தாளைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அடுத்த ஜூலையில் விண்ணப்பத்தை நானே ஒட்டி, வேண்டுமென்றே தெருவோரத்து மஞ்சள் பெட்டியில் போட்டேன். இடம் கிடைத்தது. அம்மா கேசரி கிண்டினார். பெரியப்பா என் தலையில் கைவைத்து நின்றார்.

ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. நிராகரிப்பு வந்த அந்தக் கோடையிலேயே நான் கணக்குப் பார்த்திருந்தேன். பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைப் புள்ளியை வெளியிடும். அதை எடுத்து, என் பள்ளிப் புள்ளியையும் நூற்றிப் பதின்மூன்றையும் அவர்களுடைய சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். தாள் போயிருந்தால் எனக்கு அந்த வருஷமே இடம் கிடைத்திருக்கும். பெரிய இடைவெளி ஒன்றும் இல்லை, ஒரு புள்ளிதான் மிச்சம். ஆனால் கிடைத்திருக்கும். அப்பாவுக்குத் தெரிந்தால் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்று பயந்தேன். கோபத்திலும் எனக்கு அந்த அளவுக்குப் புத்தி இருந்திருக்கிறது என்பது ஒன்றுதான் அந்தக் கோடையைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லக்கூடியது.

இப்போது நான் மருத்துவராக இருக்கிறேன். சில வருஷங்களாக, புதிய மாணவர்களைத் தெரிவுசெய்யும் குழுவில் இளம் மருத்துவர்களுக்கான இடம் ஒன்றில் என்னையும் உட்காரவைத்திருக்கிறார்கள். முதல் முறை பட்டியலைப் பார்த்தபோது பெரியப்பாவைத்தான் தேடியது மனம். பட்டியலில் பெயர் இல்லை, ஊர் இல்லை, பெற்றோரின் நாடு இல்லை; எண் மட்டும். மாற்றிப் போடுகிறவன் யார் என்று கேட்டாரே, அவரைக் கூட்டிவந்து காட்ட முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அதே நேரம், எல்லைக் கோட்டுக்குக் கிட்டே வரும்போது அந்த எண்களுக்குள் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதையும் பார்த்தேன். அதே பிள்ளை வேறொரு நாளில் எழுதியிருந்தால் இரண்டு மூன்று புள்ளி கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும். கோட்டுக்கு மேலே நிற்கும் பத்துப் பேரையும் கீழே நிற்கும் பத்துப் பேரையும் இடம் மாற்றிப் போட்டாலும் எந்த நோயாளிக்கும் வித்தியாசம் தெரியாது. குழுவுக்குத் தலைமை தாங்கும் பேராசிரியை இதை மறைப்பதில்லை. இந்த எண் ஒருவரை அறிந்துகொள்வதற்கு அல்ல, இடம் குறைவாக இருப்பதால் வரிசையில் நிறுத்துவதற்கு என்று ஒவ்வொரு வருஷமும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுக் கோட்டைப் போடுவார். போடாமல் இருக்க முடியாது.

பெரியப்பாவின் பயத்தைப் பற்றியும் இந்த மேசையில் உட்கார்ந்துதான் எனக்கு ஒரு தெளிவு வந்தது. புள்ளியை மாற்றிப் போடும் கணக்கு ஒன்றுதான். அதை வைத்து எல்லோரையும் ஒரே தரையில் நிறுத்தவும் செய்யலாம், சிலரைப் பள்ளத்தில் நிறுத்தவும் செய்யலாம். நான் முதலாவதை மட்டும் பார்த்து வளர்ந்தவள், அவர் இரண்டாவதை மட்டும் பார்த்தவர். கணக்கு எனக்குச் சரியாக விளங்கியிருந்தது. அந்தக் கணக்கை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது அவருக்குத்தான் விளங்கியிருந்தது. இது சிலோன் இல்லை என்று சொன்னேனே, அதுவும் சரிதான். சரியாக இருந்தும் அதை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் குழு அனுப்பும் நிராகரிப்புக் கடிதத்தில் இன்றைக்கும் எல்லைப் புள்ளியும் விண்ணப்பித்தவரின் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும். ஒளிவுமறைவு இல்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி, நான் அதற்குக் கைதூக்கியவள். ஆனால் அந்தக் கடிதங்கள் போகும் வாரத்தில் எனக்கு மனம் சரியாக இருக்காது. கழித்துப் பார்க்கத் தெரியாத பிள்ளைகள் யார் இருக்கிறார்கள்?

பெரியப்பா காலமாகி இரண்டு வருஷமாகிறது. அதற்கு முந்தைய வசந்தத்தில் ஒருநாள், அவருடைய இதயப் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஓய்வுபெற்று வருஷங்கள் ஆகியும், போகும் வழியில் சலவைக்கூடத்துக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். திரும்பும்போது ட்ராம் வரப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. தரிப்பிடத்தில் வெயில் நன்றாக விழுந்த வாங்கில் உட்கார்ந்தோம். மருந்துப் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் சொன்னேன். பிறகு, மருந்துப் பெயர் கேட்ட அதே குரலில், என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒண்டு கேட்கிறன் பிள்ளை. அந்த முறை அந்தத் தாள் போயிருந்தா, இடம் கிடைச்சிருக்குமோ?"

நான் நோயாளிகளிடம் பொய் சொல்வதில்லை. கெட்ட செய்தியையும் நேராகத்தான் சொல்வேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் அன்று எனக்கு யோசிக்க ஒரு நொடியும் தேவைப்படவில்லை.

"இல்லைப் பெரியப்பா. போயிருந்தாலும் கிடைச்சிராது. அந்த முறை வெட்டுப்புள்ளி கூட."

அவர் தலையை ஆட்டினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். யாரோடு பேசுகிறேன் என்பதை அந்த நேரம் மறந்துவிட்டேன்.

"எவ்வளவு கூட?"

இதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. இரண்டு புள்ளி என்றேன். ட்ராம் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரித்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அந்த வருஷத்து எல்லைப் புள்ளியைத் தானும் அப்போதே நூலகத்தில் போய்ப் பார்த்ததாகவும், சூத்திரத்தில் போட்டுப் பார்த்ததாகவும், ஒரு புள்ளி மிச்சமாக வந்ததாகவும் நிதானமாகச் சொன்னார். பிழையாகக் கணக்குப் பார்த்துவிட்டேனோ என்று இன்னும் இரண்டு முறை போட்டுப் பார்த்தாராம். இத்தனை வருஷமும் அந்த ஒரு புள்ளியை நான் அவருக்கு மறைத்தேன் என்று நினைத்திருந்தேன். அதை அவர் எனக்கு மறைத்துக்கொண்டு, என் பட்டமளிப்பு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், என் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த சுவெட்டரைப் போட்டிருந்தார்.

பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த நாளிலை என்ரை நாலு புள்ளிக்கும் ஆராவது இப்பிடி ஒரு பொய் சொல்லியிருக்கலாம் பிள்ளை," என்றார்.